தம்பி பாசம்

"பிரீமியம் கம்மி, ஆஸ்பத்திரி ரூம் வாடகையும் முழுசாத் தராங்க. புதுக் கம்பெனிக்கு மாறினா என்ன கெட்டுப்போச்சு?" மூன்றாவது முறையாகக் கேட்டார் கணவர்.

"பழைய இன்சூரன்ஸே இருக்கட்டுங்க. கொடியில துணி கிடக்கு, எடுத்துட்டு வாங்களேன். கையத் தூக்கினா வலிக்குது."

"வேலைன்னா உனக்கு வலி வந்துடும். உன் தம்பிக்குக் கமிஷன் போயிடுமேன்னு பயம். நேராச் சொல்லிட்டுப் போயேன்."

மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். பழைய பாலிசியைப் போட்டுக் கொடுத்தவன் அவள் தம்பிதான். அவனிடமே பேசித் தீர்த்துவிடுவது என்று போன் போட்டார்.

"நானே அங்கேர்ந்து வந்துட்டேன் மாமா. நீங்க சொல்ற புதுக் கம்பெனியிலதான் இப்ப இருக்கேன். முதல் ஆளா அக்காவைத்தான் மாறச் சொன்னேன். அவதான் வேண்டாம்னுட்டா."

"ஏனாம்?"

"புதுசாச் சேர்றவங்களுக்கு, ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு இங்க ரெண்டு வருஷம் கழிச்சுதான் பணம் தருவாங்க. அதுவரைக்கும் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாதுல்ல?"

"யாருக்கு ஆபரேஷன்?"



"அக்கா இன்னும் உங்ககிட்ட சொல்லலையா மாமா?"

போனை வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார் அவர்.