ரேணுகாவின் சுவர்

காபி டம்ளரோடு உட்கார்ந்தால் கதிரேசன் முதுகைக் கூடத்துச் சுவரில்தான் சாய்ப்பான். அவனுடைய முதல் மனைவி ரேணுகாவின் அஸ்தியையும் முடியையும் சிமெண்டில் கலந்து கட்டிய சுவர் அது. ஆற்றில் கரைப்பதெல்லாம் நின்றுபோய், இப்போது எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். இரண்டாவதாக வாழ வந்த அமுதவல்லி அவனுக்கென்று ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டாள். அதில் துவைத்த துணிதான் கிடந்தது. அந்தச் சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடித்தாள். ஆணிதான் வளைந்தது.

சமையலறைச் சுவர் விரிசல் விட்டதும் கொத்தனார் வந்தார். போகிற போக்கில் கூடத்துச் சுவரைத் தட்டிப் பார்த்து, "இது நூறு வருஷம் ஆனாலும் அசையாதும்மா," என்றார்.

"அவ அப்படித்தான்," என்றான் கதிரேசன், சாய்ந்தபடியே, பெருமையாக.

அமுதவல்லி விறுவிறுவென்று உள்ளே போனாள். ஆறு மாதமாகச் சீப்பிலிருந்து சேர்த்து வைத்திருந்த தன் முடியைப் பந்தாக எடுத்து வந்து நீட்டினாள். "சமையலறைச் சுவத்துல இதைப் போட்டுப் பூசுங்க."

"வெறும் முடி போதாதும்மா. மனுஷ சாம்பலும் சேர்ந்தாத்தான் இறுகும்."

அவள் சுவரில் சாய்ந்திருந்த கதிரேசனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அவரோடது ஆகுமா?"