இரண்டு விரல் இடைவெளி

"இதைவிடத் தடிமனா இல்லியா?" என்று கலியமூர்த்தி ஹிந்தியில் கேட்டதும் தமிழ்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெக்கானிக் கடை மிஸ்திரி குர்மீத் சிங் கையில் வட்டமான அலுமினியத் தட்டு ஒன்று இருந்தது. ஸ்பேசர் என்றார்கள். சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இதை வைத்து முடுக்கினால் சக்கரம் அந்த அளவுக்கு வெளியே தள்ளி நிற்குமாம். மகிபால்பூர் பக்கத்துப் பையன்கள் ஜீப்புக்கு இதை மாட்டிக்கொண்டு, காலை அகட்டி நிற்கும் பயில்வான் மாதிரி தெருவை அடைத்துக்கொண்டு போவதை அவள் பார்த்திருக்கிறாள்.

ஆனால் இது ஜீப் இல்லை. முனிர்காவிலிருந்து தினமும் மூன்று ஆபீஸ் கேன்டீன்களுக்கு இட்லியும் சாம்பாரும் ஏற்றிப் போகும் பழைய பிக்கப். வண்டி வருவதற்கு முன்னால் அதன் பெருங்காய வாசனை வந்துவிடும்.

"ஏங்க, சாம்பார் ரேஸுக்கா போகுது?"

அவன் தட்டின் ஓரத்தில் விரலை வைத்து அளந்துகொண்டிருந்தான். நேற்றுச் சாயங்காலத்திலிருந்தே இப்படித்தான். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டான். இன்று காலையில் வண்டியைக் கிளப்புவதற்குள் மூன்று தடவை இறங்கி, மண்டிபோட்டு, சக்கரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சக்கரத்துக்கு ஏதோ மாட்டத்தான் அளவு பார்க்கிறான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதனால்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே வண்டியில் ஏறிவிட்டாள்.

இடுப்பில் பாப்பா நெளிந்தது. நடக்கக் கற்றுக்கொண்டு பதினைந்து நாள்தான் ஆகிறது. தரையைப் பார்த்தால் இறங்க வேண்டும் அதற்கு.

"எறக்கி விடாத" என்றான் கலியமூர்த்தி, திரும்பாமலே.

"கை வலிக்குதுங்க. கிரீஸ் பட்டா கழுவிக்கலாம்."

"எறக்கி விடாதன்னா விடாத."

அந்தக் குரலுக்கு மிஸ்திரியே நிமிர்ந்து பார்த்தான்.

தமிழ்செல்வியின் கவலை வேறு. அவர்கள் குடியிருக்கும் சந்தின் வாயில், லாரி நுழையாமல் இருக்க வீட்டுக்காரர் முழங்கால் உயரத்துக்கு இரண்டு கல் நட்டிருந்தார். பிக்கப்பின் உடம்பு கல்லுக்கு மேலே போய்விடும். சக்கரங்கள் கல்லுக்கு நடுவே போகும், பக்கத்துக்கு இரண்டு விரல் இடைவெளியில். சாயங்காலம் ரிவர்ஸிலேயே உள்ளே வந்து வாசலோடு ஒட்டி நிற்கும். காலையில் கொதிக்கக் கொதிக்க டிரம்மை அடுப்படியிலிருந்து நேரே வண்டிக்கு ஏற்றிவிடலாம். அதற்காகவே பிடித்த வீடு அது.

வண்டி உள்ளே வராவிட்டால்? தெருமுனைக்கு எண்பது தப்படி. முப்பது லிட்டர் சாம்பார் டிரம்மை ஒரு பக்கம் அவன் பிடித்தால் இன்னொரு பக்கம் அவள்தான் பிடிக்க வேண்டும். போன வருஷம் சாம்பார் கொட்டிய தழும்பு முழங்கையில் இன்னும் இருந்தது.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க" என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் மிஸ்திரியிடம் முறையிட்டாள். "இத மாட்டினா எங்க சந்துல வண்டி நுழையுமா?"

முனிர்காவில் அவனுக்குத் தெரியாத சந்து கிடையாது. "ஒரு இஞ்ச் போட்டா எப்படியோ நுழைஞ்சிடும் பாபிஜி. ரெண்டு இஞ்ச் போட்டா கல்லு விடாது. பேரிங்கும் சீக்கிரம் போயிடும். லோடு வண்டிக்கு நான் இத மாட்டச் சொல்லவே மாட்டேன்."

"கேட்டீங்கள்ல?" அவள் ஜெயித்துவிட்டவள் போலத் திரும்பினாள். "தொழில் தெரிஞ்சவரே சொல்றாரு."

கலியமூர்த்தி பீடிக்காகச் சட்டைப் பையைத் தடவினான். பற்ற வைக்காமலே பீடியைக் கீழே போட்டான்.

"ரெண்டு இஞ்ச் எடு" என்றான் மிஸ்திரியிடம். "நாலு சக்கரத்துக்கும்."

மிஸ்திரி தோளைக் குலுக்கிவிட்டு ஜாக்கியை உருட்டிக்கொண்டு வண்டிக்குப் போனான்.

தமிழ்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. "உங்களுக்கு என்னதான் புடிச்சிருக்கு? அப்பறம் எப்படிங்க உள்ள வரும்?"

"வர வேணாம்."

"அப்ப தெருமுனையிலயே நிறுத்திட்டுப் போங்களேன். அதுக்கு எதுக்கு இந்தத் தட்டு?"

"நாலு நாளைக்கு நிறுத்துவேன். அஞ்சாம் நாள் மழை பேஞ்சா நானே உள்ள கொண்டாந்துடுவேன். நான் இல்லாட்டி உன் தம்பி சுப்பு கொண்டாந்துடுவான். டிரம் கனக்குதுன்னு நீயே கூப்புடுவ."

"ஆமா, கூப்புடுவேன். தூக்கிப் பாத்தாத்தான தெரியும்."

அவன் அருகில் வந்து பாப்பாவை வாங்கிக்கொண்டான். அது வழக்கம்போல அவன் காதைப் பிடித்து இழுத்தது. அவன் அதன் பாதத்தை உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொண்டான்.

"நேத்து சாயங்காலம் ரிவர்ஸ்ல உள்ள வந்தேன்ல" என்றான். "நீ மாவு அரைச்சிக்கிட்டிருந்த. கதவு தொறந்து கெடந்துச்சு."

அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கி வந்து பாத்தா, சக்கரத்துக்கும் பாப்பாவுக்கும் நடுவுல ரெண்டு விரல்தான் இருந்துச்சு, செல்வி."