மூன்றாம் அறையில் இடமில்லை

"இன்னைக்கு நான் பேசப்போற பேச்சு, பல்கலைக்கழகங்களோட தலையெழுத்தையே மாத்தி எழுதப்போகுது!"

கணினி மைய இயக்குநர் இதை உலகத்துக்கே அறிவிப்பதுபோல் கையை உயர்த்திச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தது அவர் மனைவி மட்டும்தான்.

"அதை அப்புறம் மாத்தலாம். மொதல்ல சட்டை பட்டனை மாத்திப் போடுங்க. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நிக்குது."

பல்கலைக்கழகக் கணினிப் பணியாளர் சங்கத்தின் ஆண்டு மாநாடு அது. மனைவியும் நூலகக் கணினிப் பிரிவின் சார்பில் வந்திருந்தார். இயக்குநர் பட்டன்களைச் சரிசெய்து முடிப்பதற்குள் சங்கச் செயலாளர் வந்து நின்றார். செயலாளர் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பிதான்.

"மாமா, காலையில வாசல்ல சீட்டு கேக்காம உங்களை உள்ள விட்டேனே, அது சொந்தம். இப்ப சொல்றது சங்கம். போன வருஷம் உங்க பேச்சைக் கேக்க வந்தது நாலு பேர். அதுல ரெண்டு பேர் நானும் அக்காவும்."

"மத்த ரெண்டு பேர்?"

"தூங்க இடம் தேடி வந்தவங்க. இந்த வருஷமும் அறை காத்தாடுச்சுன்னா, அடுத்த வருஷம் உங்களுக்கு மேடை கிடையாது. இப்பவே சொல்லிட்டேன்."

"டேய், இந்த மாநாட்டுக்கே நான்தாண்டா புதுசா செயலி எழுதிக் குடுத்தேன்! காகிதமே இல்லாத மாநாடு! அனுமதிச் சீட்டு, சாப்பாட்டுக் கூப்பன், எல்லாம் செல்போனுக்குள்ள. ஒரு நொடி கண்ணயராம வேலை செய்யுது!"

"செயலி வேற, பேச்சு வேற மாமா," என்று செயலாளர் நழுவினார்.

படபடப்பில் இயக்குநர் மதியம் சாப்பிடவே இல்லை.

மூன்றாம் எண் அறை நடைபாதையின் கோடியில், கழிப்பறையையும் தாண்டி இருந்தது. கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அறை நிரம்பி வழிந்தது!

சுவரோரமெல்லாம் ஆட்கள். நாற்காலிகளை இழுத்துப் போட்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி கிடைக்காதவர்கள் தரையில் சம்மணம் போட்டிருந்தார்கள். நடுவில் மட்டும் விசாலமாக இடம் விட்டிருந்தார்கள். எல்லாம் தம்மேல் உள்ள மரியாதை என்று இயக்குநருக்குப் பட்டது.

மூலையில் இரண்டு பேருக்குக் கைகலப்பே வந்துவிடும்போல இருந்தது.

"நான்தாங்க மொதல்ல வந்தேன்!"

"வந்து அரைமணி நேரமாச்சில்ல? கொஞ்சம் எங்களுக்கும் விடுங்க சார்!"

தம் பேச்சைக் கேட்க அடிதடி! இயக்குநருக்குக் கண் கலங்கியது. வாசலில் எட்டிப் பார்த்த ஒரு பெண், "எவ்வளவு நேரம் சார் இந்தப் பேச்சு?" என்று கேட்டார்.

"ஒரு மணி நேரம்மா."

"அவ்வளவுதானா?" அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று.

இயக்குநர் தம் செல்போனை மேசைமேல் சாய்த்து நிறுத்தி, இந்தச் சரித்திரக் காட்சியைப் படம் பிடிக்க விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். என்ன கட்டுப்பாடு! கணினிக்காரர்கள் கூடிய இடத்தில் ஒருவர்கூடப் போனை நோண்டவில்லை. ஒருவர்கூடப் புகைப்படம் எடுக்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிந்திக்கிறார்கள்!

"நிறைவாக ஒன்று சொல்லி..." என்று அவர் தொடங்கியதுதான் தாமதம், அறையே அலறியது.

"ஐயையோ, முடிச்சிடாதீங்க சார்!"

"முடிச்சா அறையைப் பூட்டிடுவாங்க சார்! இன்னும் அரைமணி நேரம்!"

"எனக்குப் பாதிகூட ஏறல சார்!" என்றார் ஒரு தாடிக்காரர், அழமாட்டாத குறையாக.

பாதிகூட ஏறாதவருக்காக இயக்குநர் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த செயலாளர் வாயைப் பிளந்தார்.

"மாமா, அடுத்த வருஷம் தலைமை உரையே நீங்கதான்! பெரிய அரங்கம், ஆயிரம் இருக்கை! இப்பவே அறிவிச்சுடறேன்!"

பேச்சு முடிந்ததும் இயக்குநர் தரையில் நடக்கவில்லை, மிதந்தார். மேடைக்குப் பின்னால், சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்த மனைவி அப்போதுதான் கண்ணில் பட்டார்.

"பாத்தியா? கட்டின பொண்டாட்டிக்கே நாற்காலி கிடைக்காத கூட்டம்!"

"காலை எடுங்க, வயரை மிதிக்கறீங்க," என்றார் மனைவி, சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கியபடி. "இந்த மாடியிலயே பிளக் பாயின்ட் வேலை செய்யறது இந்த ஒரு அறையிலதான். உங்க செயலி மதியத்துக்குள்ள அத்தனை பேர் போனையும் உறிஞ்சித் துப்பிடுச்சு. போன் செத்துட்டா ராத்திரி சாப்பாட்டுக் கூப்பனை எங்க போய்க் காட்டறது?"

இயக்குநர் மேசைமேல் இருந்த தம் செல்போனை மெல்ல எடுத்துப் பார்த்தார். அவ்வளவு நேரம் படம் பிடித்த பிறகும் அதில் முக்கால்வாசி பேட்டரி மிச்சமிருந்தது.

அந்தச் செயலியை அவர் தம் போனில் போட்டுக்கொள்ளவே இல்லை.