சீட்டில் ஏறிய பெயர்

மழை குறைந்த ஒரு முள்காட்டில், மண்ணை வகை பிரிப்பவர்கள் குழி தோண்டி ஒரு பை மண் எடுத்தார்கள். பைக்குள் ஒரு களிமண் கட்டியும், அதில் பாதி புதைந்த ஒரு சரளைக்கல்லும் இருந்தன.

“நமக்குப் பெயர் எழுதப் போகிறார்களாம். கொஞ்சம் தள்ளி இருங்கள் அண்ணே. உங்களால் என் பெயர் கெட்டுவிடும்,” என்றது களிமண்.

“என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது நீதானே தம்பி?” என்றது கல்.

மண் சோதனைக்கூடத்து மேசையில் சல்லடை காத்திருந்தது. “என் ஓட்டையில் நுழைகிறவர்களுக்குத்தான் சோதனை,” என்றது.

“அப்படியானால் கல்லை வெளியே தள்ளுங்கள் அக்கா!”

“இப்படிக் காய்ந்து கிடந்தால் நீயும்தான் நுழைய மாட்டாய்.”

கட்டியை மரக்குழவியால் தட்டி உடைத்தார்கள். களிமண் பல்லைக் கடித்துக்கொண்டது. பிறகு அதைச் சலித்தார்கள், நனைத்தார்கள், விரல்களுக்கிடையே நாடாவாக இழுத்துப் பார்த்தார்கள். கல்லை மட்டும் ஒருமுறை எடை போட்டு, ஜன்னலோரம் வைத்துவிட்டார்கள்.

மாலையில் பையில் சீட்டு ஒட்டினார்கள்.

“படியுங்கள் அக்கா!”

“கல் மிகுந்த களிமண்,” என்று படித்தது சல்லடை.

“அவர்தான் வெளியே போய்விட்டாரே!”

“காட்டில் உன் இடத்தில் பாதி அவருடையது. அதற்குத்தான் எடை போட்டார்கள்.”

“எனக்கு ஓர் அடிகூட விழாமலே பெயர் வந்துவிட்டது தம்பி,” என்றது ஜன்னலோரக் கல்.

களிமண் சல்லடைப் பக்கம் திரும்பியது.

“அக்கா, அந்தச் சீட்டையும் ஒருதடவை சலித்துவிடுங்களேன்.”