ஷாஹிதா மறுத்த சம்பந்தம்

"கம்பெனி பஸ்ஸுல வேலைக்குப் போறவன்னு என் மவன் மேல எளக்காரமா, ஷாஹிதா?"

லத்தீஃபா மூன்றாவது முறையாகப் பெண் கேட்டு வந்திருந்தாள். அவள் மகன் ரயானும் ஷாஹிதாவின் மகள் ரிஃபானாவும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். ஷாஹிதா மட்டும் காரணமே சொல்லாமல் மறுத்துக்கொண்டிருந்தாள்.

"ரயான் தங்கமான புள்ள. அவன்கிட்ட ஒரு கொறையும் இல்ல."

"அப்புறம் இன்னாதான் பேஜாரு?"

அழுது வீங்கிய கண்களோடு ரிஃபானா வாசலில் வந்து நின்றாள். "எனக்காவது சொல்லும்மா."

ஷாஹிதா லத்தீஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரயானைப் பெத்ததும் ஜன்னி வந்து நாப்பது நாள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில கெடந்தியே, அப்போ பவுடர் பால் ஒத்துக்காம புள்ளைக்கு பேதி நிக்கவேயில்ல. உன் மாமியார் அவனைத் தூக்கிகினு வந்து என் மடியில போட்டாங்க. என் மூத்தவன் அயாஸ் அப்போ கைக்குழந்த. ரெண்டு பேருக்கும் நான்தான் பால் குடுத்தேன். நீ ஒடஞ்சிபூடுவேன்னு உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. அவங்க மௌத்தாகி மண்ணுக்குள்ள போன பொறவும் நான் வாயத் தொறக்கல."

லத்தீஃபாவுக்குக் கண் நிறைந்தது. "என் புள்ளைய உசுரோட குடுத்தவ நீயா? அப்போ அவன் உனக்கு மருமவனா வரதுல இன்னா தப்பு?"

"நம்ம மார்க்கத்துல பால் குடுத்தவளும் தாய்தான், லத்தீஃபா. ரயான் எனக்கு மவன். இவளுக்கு அண்ணன்."

ரிஃபானா கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.