அடைக்கலத்தின் வேலை

“மேடம், நேராவே கேக்குறேன். அடைக்கலம் அண்ணனை வீட்டுக்கு அனுப்பத்தான் இந்த ஏற்பாடா?”

ஜெரால்டுடைய குரல் அறைக்கு வெளியிலும் கேட்டிருக்கும். வனிதா லேப்டாப்பை மூடினார்.

“உக்காருங்க ஜெரால்டு.”

அவன் உட்காரவில்லை.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது வனிதாவின் கம்பெனி. சுற்றுவட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கனும் மருந்துச்சீட்டும் போடும் சாஃப்ட்வேரை எழுதிக் கொடுப்பது தொழில். புதிதாக எதை எழுதினாலும், அதை ஒவ்வோர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டருக்கும் அனுப்பி வைப்பவர் அடைக்கலம். ஒவ்வொரு கட்டளையையும் கையால் டைப் அடித்துத்தான் அனுப்புவார்.

போன மாதம் அதில் ஓர் எழுத்து தப்பிப்போய், அறந்தாங்கிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் காலை முழுக்க டோக்கன் வரவில்லை. காய்ச்சல் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள் கவுன்டரில் சண்டை போட்டார்கள். அந்த வாரமே வனிதா ஜெரால்டைக் கூப்பிட்டு, சோதித்துப் பார்ப்பது முதல் அனுப்புவது வரை எல்லாவற்றையும் தானாகச் செய்யும் ஒரு டூலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டார்.

“யாருக்கும் நடக்குற தப்புதான மேடம். அதுக்காக...”

“அந்தத் தப்புக்காக இல்லை.”

“பின்ன எதுக்கு?”

வனிதா லேப்டாப்பை மறுபடி திறந்தார். “அடைக்கலம் சார் ஒக்காந்து டைப் அடிக்கிற மாதிரி ஒரு வேலைகூட இனிமே இங்க இருக்கக் கூடாது. அவ்வளவுதான். எந்த டூல்னு வெள்ளிக்கிழமை மீட்டிங்ல சொல்லுங்க.”

“மனசாட்சின்னு ஒண்ணு வேணும் மேடம்” என்று சொல்லிவிட்டு ஜெரால்டு வெளியே வந்தான்.

சிங்கப்பூரில் வேலை போய், ஆலங்குடியில் அப்பாவோடு கடலைக் கொல்லையில் நின்றுகொண்டிருந்தவன் அவன். ஒரு கல்யாண வீட்டில் அறிமுகமான அடைக்கலம்தான், “கம்ப்யூட்டர் கோடு நல்லா எழுதுவான், நான் பொறுப்பு” என்று வனிதாவிடம் பேசி அவனைச் சேர்த்துவிட்டார். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறையும். அப்படிப்பட்டவரின் வேலையைப் பறிக்கத் தன்னையே ஆயுதமாக்குகிறார்களே என்று இருந்தது.

தேடியதில் இரண்டு டூல்கள் தேறின. ஒன்று கிட்லேப். அவர்களுடைய கோடு முழுக்க ஏற்கெனவே அதில்தான் இருந்தது. சோதித்து அனுப்பும் வழிமுறையை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும், மற்றதை அதுவே செய்யும். இன்னொன்று ஜென்கின்ஸ். இஷ்டம்போல் வளைத்துக்கொள்ளலாம், ஆனால் தனியாக ஒரு சர்வரும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். அந்த ‘ஓர் ஆள்’தான் ஜெரால்டுக்கு வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில், ஜென்கின்ஸ்தான் சரி என்று அடித்துப் பேசினான்.

“அதை யாரு பார்த்துக்குறது?” என்று வனிதா கேட்டார்.

“அடைக்கலம் அண்ணன் இருக்காருல்ல. அவரை விட்டா யாரு?”

“வேணாம் தம்பி.” பேசியவர் அடைக்கலம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “கோடு ஒரு இடத்துல, அனுப்புறது இன்னொரு இடத்துலன்னு நம்ம மாதிரி சின்ன ஆபீஸுக்கு எதுக்கு? கிட்லேப்பே போதும். எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்து நான் ஒரு பட்டனை அமுக்குனா போயிரணும். அப்படிப் பண்ணலாமா?”

“பண்ணலாம்ணே. ஆனா...”

“அப்ப அதையே செய்யி.”

தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொள்கிறாரே என்று ஜெரால்டுக்கு ஆற்றாமையாக இருந்தது. மனமில்லாமல்தான் ஆரம்பித்தான். அடைக்கலமோ உற்சாகமாகப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். எந்தச் சோதனை தவறினால் அங்கேயே நிற்க வேண்டும், எப்போது பழைய சாஃப்ட்வேருக்கே திரும்ப வேண்டும் என்று இருவரும் பேசிப் பேசி முடிவு செய்தார்கள். ஜெரால்டு எழுதினான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அடைக்கலம் பட்டனை அமுக்கினார். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், ஆலங்குடி என்று திரையில் வரிசையாகப் பச்சை டிக் விழுந்தது. வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் எல்லா ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

“அடைக்கலம் சார், கொஞ்சம் ரூமுக்கு வாங்க” என்றார் வனிதா.

ஜெரால்டு மாடிப்படியில் போய் நின்றுகொண்டான். அடைக்கலம் வெளியே வந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“அண்ணே, மன்னிச்சுருங்க. ஒங்க வேலைக்கு என் கையாலயே...”

“வேலை போச்சுன்னு யாரு சொன்னா? இந்த அனுப்புற வேலை மொத்தமும் இனிமே என் பொறுப்புன்னு சொல்லத்தான் கூப்பிட்டாங்க. நீ செஞ்சது பெரிய உதவிப்பா. நான் மறக்க மாட்டேன்.”

“ஒண்ணும் புரியலண்ணே. ஒங்களை நிறுத்தத்தான அவங்க இதைக் கொண்டுவந்தாங்க?”

அடைக்கலம் படியில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பேன்ட் பாக்கெட்டிலிருந்து வலது கையை வெளியே எடுத்தார். விரல்கள் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தன.

“இது இனி கொறையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வேலையை விட்டுர்றேன்னு மேடம்கிட்டப் போய் நின்னேன். ‘நீங்க போக வேணாம், டைப் அடிக்காம செய்யிற மாதிரி வேலையை மாத்திக்குவோம்’னு சொன்னவங்க அவங்கதான். யாருக்கும் தெரிய வேணாம்னு நான் கேட்டுக்கிட்டதுக்காக, நீ ரூம்ல நின்னு கத்துனதையெல்லாம் வாயத் தொறக்காம வாங்கிக்கிட்டாங்க தம்பி.”