மூன்று இழுப்பு

'தொம்' என்று பெரிய மீன்தொட்டியின் கண்ணாடியில் ஓர் அறை விழுந்தது. இடுப்பில் ஈயக்கட்டிகளோடு மீன்களுக்கு இரை போட இறங்கியிருந்தவன்தான் உள்ளிருந்து அடித்தான். குழந்தைகளும் பதிலுக்குத் தட்டிக் கூச்சலிட்டார்கள்.

சுற்றுலா வந்த இடத்தில், பூங்காவின் ராட்டினங்களில் எல்லாம் ஏறி முடித்து, மனைவி ஜெனோவாவின் பிடிவாதத்தால்தான் ரெமிஜியுஸ் இந்த மீன் காட்சிக்கூடத்துக்குள் வந்திருந்தான். அண்ணனைக் கடலில் பறிகொடுத்தபின் அவன் சங்கு குளிக்கப் போவதில்லை. அன்று படகில் குழாயைப் பிடித்திருந்தவன் அவன்தான்; அண்ணனின் காற்றுக்குழாய் அறுந்துவிட்டது என்றுதான் அவளிடமும் ஊரிடமும் சொல்லியிருந்தான்.

உள்ளே இருந்தவன் தன் இடுப்பில் கட்டி மேலே போன காற்றுக்குழாயைப் பிடித்து இழுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டம் கைதட்டியது.

"தூக்குங்க! அவனை மேல தூக்குங்க!" என்று ரெமிஜியுஸ் கத்தினான்.

காவலாளி சிரித்தார். "ஷோ சார் இது. டெய்லி எதுனா வேடிக்கை காட்டுவான்."

"என்ன செய்யுதீங்க? எல்லாரும் பாக்காங்க" என்று ஜெனோவா சட்டையைப் பிடித்தாள். அவன் உதறிவிட்டு, ஊழியர்கள் போகும் கதவைத் தள்ளிக்கொண்டு படியேறினான்.

மேலே குழாயருகில் ஆள் இல்லை. காற்றடிக்கும் கம்ப்ரசர் நின்றுபோயிருந்தது. குழாயை இரு கைகளாலும் வாரி வாரி இழுத்தான். கீழே ஒரு கனம் அசைந்தது. ஆனால் அது தானாக அசையவில்லை.

பின்னாலேயே ஓடிவந்த ஜெனோவாவுக்கு மூச்சு வாங்கியது. "ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவன் இழுப்பதை நிறுத்தவில்லை.

"எங்க அண்ணனும் மூணு தடவைதான் இழுத்தான், ஜெனோ. வெளையாடுதான்னு நெனச்சிட்டேன்."